திரியாத பால்

தெற்கு உணவு ஆலை, நிலவு
பணிப் பதிவேடு. எழுதுபவர்: ஜெசிந்தா மச்சாடோ, கூழ்ம வேதியியல் ஆய்வாளர்

நாள் 112. 09:10
சேமிப்புத் தொட்டிகள் மூன்றும் 4 பாகை செல்சியஸில். அழுத்தம் சரி. சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் போய்விட்டதால் பாசி வளர்ப்புக் குழாய்களை நாள் 11-இலேயே நிறுத்திவிட்டேன். இனி நாள் 215-இல் கப்பல் வரும்வரை பத்துப் பேருக்கும் சாப்பாடு இந்தத் தொட்டிகளில் இருப்பதுதான். முகாமில் ஒன்பது பேர், இங்கே நான் ஒருத்தி. இருப்பு மூன்று டன் பால்.

எனக்குப் பின் பணிக்கு வருபவருக்காக: பால் என்று நாங்கள் சொல்வது பாசி எண்ணெயைப் பொடித்துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்ட பால்மம். ஒவ்வொரு துளியையும் ஒரு புரதப் படலம் சுற்றியிருக்கும். அதுதான் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் என்றைக்காவது பிரிந்தே தீரும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். கடைசியாக நிரம்பிய தொட்டி 3-இல் உள்ள பாலுக்கு இன்று வயது 101 நாள். மேலே ஆடை இல்லை. அடியில் நீர் இல்லை. துளியின் அளவு 0.8 மைக்ரான், முதல் நாள் இருந்த அதே அளவு.

இருபத்திரண்டு வருடம் இந்தப் படலத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். கொஞ்சம் பெருமை எழுதிக்கொண்டால் தப்பில்லை.

நாள் 116. 10:30
தானோட்டி வண்டி முகாமுக்குப் போய்த் திரும்பியது. போகும்போது எட்டுக் கேன் பால், வரும்போது கழிவுக் குழம்பு. கழிவு அடுத்த பாசிப் பருவத்துக்கு உரம். இருபத்து மூன்று கிலோமீட்டர், சிக்கல் எதுவுமில்லை.

முகாம் மருத்துவர் ருகையாவிடமிருந்து: "அக்கா, பொட்டலச் சாப்பாடு தீர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இப்ப மூணு வேளையும் உங்க பால்தான். யாரும் குறை சொல்லல. கமாண்டர் மட்டும் காபித்தூள் கேக்குறார்."

அவள் காயல்பட்டினம், நான் தூத்துக்குடி. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்தவர்கள். இங்கே அதற்குப் பெயர் உறவு.

நாள் 119. 11:00
கழிவுத் தொட்டியின் நிறம் மாறியிருக்கிறது. வெளுத்து, சுண்ணாம்புத் தண்ணீர் போல. மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். முழுத் துளிகள். 0.8 மைக்ரான்.

இது என் பால்.

யாரோ முகாமில் பாலைக் கழிவுக் குழாயில் ஊற்றுகிறார்கள்.

நாள் 120. 14:15
கமாண்டர் சென்னியப்பனோடு ரேடியோவில் பேசினேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏனுங் டாக்டர், ஒரு சொட்டு வீணாகலைங்க. நானே நின்னு எல்லாருக்கும் ஊத்தறனுங்க. குடிச்ச டம்ளரைக் கூட வழிச்சுத்தான் கழுவறாங்க."

அப்புறம்: "நானும் ஒண்ணு கேக்கலாமுங்களா? நீங்க பாலை நீர்க்க விடறீங்களா? எங்க ஆளுங்களுக்குப் பசி அடங்கறதில்லைங்க."

நான் நீர்க்க விடுவதா! ஒவ்வொரு தொகுதியையும் மூன்று முறை அளந்து அனுப்புகிறேன். தொடர்பைத் துண்டித்துவிட்டேன். செய்திருக்கக் கூடாது.

நாள் 123. 09:40
அனுப்பும் பாலில் உள்ள கொழுப்பில் நூற்றுக்கு அறுபத்தொரு பங்கு கழிவில் முழுசாகத் திரும்பி வருகிறது. கணக்கை நான்கு முறை சரிபார்த்தேன். ஒருவர் செய்கிற வேலையாகத் தெரியவில்லை. கூட்டாகச் செய்கிறார்கள். ஏன்? வேறு சாப்பாடு வைத்திருக்கிறார்களா? அவசரகாலப் பெட்டிகளின் சாவி கமாண்டரிடம் இருக்கிறது. பன்னிரண்டு பெட்டிகள். அவை திறக்கப்படவில்லை என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி.

ஒரு சோதனை செய்யப்போகிறேன். நாளைய பாலில் மட்டும் மஞ்சள் நிறமி கலக்கிறேன். கேடில்லாதது. ஊற்றினால் அன்றே வண்டியில் மஞ்சள் திரும்பி வரும். குடித்தால் ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். வண்டி இந்த வாரம் தினமும் போகட்டும். அவர்களிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் சோதனைக்கு அர்த்தமில்லை.

நாள் 124. 17:00
கழிவில் மஞ்சள் இல்லை.

நாள் 125. 17:00
இல்லை.

நாள் 126. 16:50
வந்துவிட்டது. மஞ்சள் துளிகள், முழுத் துளிகள், நூற்றுக்கு அறுபதுக்கு மேல்.

இரண்டு நாள் கழித்து. அப்படியென்றால் அவர்கள் குடித்திருக்கிறார்கள். பால் ஒன்பது வயிறுகளுக்குள் நுழைந்து, இரைப்பையைக் கடந்து, குடலைக் கடந்து, நுழைந்தபடியே வெளியே வந்திருக்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சி வேண்டும். இங்கே இன்னொரு வயிறு இருக்கிறது. என்னுடையது.

நாள் 127. 08:20
என் கழிவிலும் அதே துளிகள். அதே அளவு.

தராசில் நின்றேன். பூமிக் கணக்கில் 50 கிலோ. நாள் 95-இல் 58. வேலை அதிகம், அதனால் இளைக்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாள் 127. 15:00
இதை எழுதியே ஆக வேண்டும். கப்பலில் வருபவர் படிப்பாரோ, யார் படிப்பாரோ.

என் முதல் வேலை ஒரு ஐஸ்கிரீம் தொழிற்சாலையில். உருகிய ஐஸ்கிரீம் மறுபடி உறைந்தால் ஏன் மணல் மணலாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அங்கிருந்து படலத்துக்கு வந்தேன். புரத இழைகளை ஒரு நொதியால் ஒன்றோடொன்று பின்னிவிட்டால் படலம் பனியையும் தாங்கும், வெப்பத்தையும் தாங்கும் என்று காட்டினேன். அந்த ஒரு கட்டுரைதான் எனக்கு ஆய்வகம் தந்தது, பேராசிரியர் பதவி தந்தது, நிலவுக்கு இருக்கை தந்தது.

அந்தக் கட்டுரைக்காகக் கண்ணாடியில் செய்த செயற்கை இரைப்பையில் ஏழு குப்பிகளைச் சோதித்தோம். ஆறில் பித்தநீர் பட்டதும் படலம் உடைந்து கொழுப்பு செரித்தது. ஏழாவதில் உடையவில்லை. அந்தக் குப்பி குளிர்பெட்டியின் மூலையில் மறந்துபோய் மூன்று மாதம் கிடந்தது. என் மாணவி பாக்கியவதி கேட்டாள்: "மேடம், ஏழாவது மட்டும் அப்படியே இருக்கே. பழசா இருக்கறதாலயா?" கருவியில் கோளாறு, அதை விட்டுவிடு என்றேன். கட்டுரையில் ஆறு குப்பிகள் என்று எழுதினேன்.

பாக்கியவதி மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வேறு துறைக்குப் போய்விட்டாள்.

நொதி நின்றுபோவதில்லை. குளிரிலும் மெதுவாகப் பின்னிக்கொண்டே இருக்கிறது. தொண்ணூறு நாளில் படலம் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. பித்தநீரால் அதைத் தொட முடிவதில்லை. தொட்டிகளில் இருக்கிற மூன்று டன்னும் இப்போது அந்த ஏழாவது குப்பிதான்.

நாள் 128. 10:00
எல்லாவற்றையும் கமாண்டரிடம் சொன்னேன். ஏழாவது குப்பியையும் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"அன்னைக்குப் பால் மஞ்சளா இருந்துச்சுங்களே. அது நீங்க கலந்ததுதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"எங்களுக்குத் தெரியாம எங்க சாப்பாட்டுல கை வெச்சீங்க. இன்னைக்கு அதே வாயால சாப்பாட்டை நிறுத்துங்கறீங்க. நிறுத்திப்போட்டு என்னத்தைங்க திங்கறது?"

அவசரகாலப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னேன். அவை பத்து நாளைக்குக்கூடக் காணாது, கப்பல் தாமதமானால் தேவைப்படும் என்றார். பூமிக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். என் குரல் பூமிக்குப் போவது முகாம் கோபுரம் வழியாகத்தான். கோபுரம் நான்கு நாளாகப் பழுது என்கிறார்.

நான்கு நாளாக. மஞ்சள் பால் போன அன்றிலிருந்து. நம்ப முடியவில்லை.

நாள் 131. 12:10
ருகையா, தாழ்ந்த குரலில்: "அக்கா, எல்லாரையும் தராசுல ஏத்திப் பாத்தேன். ஒம்பது பேரும் ஏழு கிலோவுக்கு மேல இறங்கியிருக்காங்க. கமாண்டர் ஆளுக்கு ரெண்டு பங்கு ஊத்தச் சொல்லிட்டார். குடிச்சா வயிறு நெறஞ்சுடுது அக்கா. ஆனா பசிக்குது. நெறஞ்ச வயித்தோட பசிக்குது. இப்படி ஒண்ணை நான் படிச்சதே இல்ல."

"கோபுரம் நெசமாவே கெட்டிருக்கா ருகையா?"

"எனக்குத் தெரியல. கோபுர அறைக்குள்ள இப்ப யாரையும் விடுறதில்ல."

நாள் 136. 13:30
படலத்தை உடைக்க ஐந்து வழிகள் முயன்றேன். உறையவைத்து உருக்கினேன். கொதிக்கவைத்தேன். புளிக்கவைத்தேன். உப்பைக் கொட்டினேன். அதிவேகத்தில் சுழற்றினேன். பால் அப்படியே இருக்கிறது. அழகாக, வெள்ளையாக. இத்தனை வருடமும் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

எடை 47. விரல்கள் மரத்துப்போகின்றன. கனவில் பொரித்த சீலா மீன்.

நாள் 138. 16:00
வடிகட்டிகளில் அடைத்துக்கொள்ளும் புரதத்தைக் கழுவ ஒரு நொதிக் கரைசல் வைத்திருக்கிறோம். புரதத்தை வெட்டுவதுதான் அதன் தொழில். நாற்பது லிட்டர் இருக்கிறது. ஒரு கேன் பாலில் ஒரு கரண்டி விட்டு வெதுவெதுப்பில் ஆறு மணி நேரம் வைத்தேன்.

திரிந்துவிட்டது! மேலே எண்ணெய், கீழே பழுப்புத் தண்ணீர், நடுவில் திப்பி திப்பியாக. நாற்றம் வேறு. வெட்டுப்பட்ட புரதம் கசக்கும், தெரிந்ததுதான். ஆனால் இவ்வளவு கசக்கும் என்று தெரியாது. கொதிக்கவைத்து நொதியைச் சாகடித்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

கெட்டுப்போன பாலைக் கண்டு அழுத உணவு விஞ்ஞானி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாள் 147. 08:00
எடை 51. கழிவில் முழுத் துளிகள் இல்லை. விரல்களுக்கு உணர்வு திரும்பிவிட்டது. தெளிவாக யோசிக்க முடிகிறது. ஒன்பது நாள் என்னைச் சோதித்துவிட்டேன். இதற்கு மேல் காத்திருப்பது குற்றம். ஆறு கேன் திரித்த பால் வண்டியில் ஏற்றிவிட்டேன். எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி, கேனில் ஒட்டியிருக்கிறேன்.

நாள் 147. 15:45
வண்டி திரும்பிவிட்டது. ஆறு கேன்களும் அதில் இருக்கின்றன. ஐந்தின் மூடி திறக்கப்படவில்லை. ஒன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடியிருக்கிறார்கள். தாளைக் காணோம்.

கமாண்டர்: "எண்ணெய் மிதக்குதுங்க. நாத்தமடிக்குது. வடிகட்டி கழுவற மருந்தை ஊத்தினேன்னு நீங்களே எழுதியிருக்கறீங்க. எங்களைக் கொல்லப் பாக்கறீங்களா டாக்டர்? இனிமே தொட்டியில இருக்கற வெள்ளைப் பாலை மட்டும் அனுப்புங்க. இல்லைன்னா நாங்களே வந்து எடுத்துக்குவோம்."

வெள்ளைப் பால் அனுப்பாவிட்டால் அவர்களுக்கு நூற்றில் நாற்பதுகூடக் கிடைக்காது. அனுப்பினேன்.

நாள் 152. 14:00. முகாம், நுழைவு அறைக்குள் எழுதுவது
நானே வந்துவிட்டேன். இரண்டு மணி நேரப் பயணம். வெளிக்கதவைத் திறந்துவிட்டார்கள், உட்கதவைத் திறக்கவில்லை. காற்று இருக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்கள் குழிக்குள் போய், கழுத்து நரம்பு தெரிய. கமாண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர்கள் கண்முன்னே திரித்த பாலை ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். இதைப் பார்த்தால் போதும், நம்பிவிடுவார்கள் என்றுதான் வந்தேன்.

யாரும் டம்ளரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள்.

சுவர் ஒலிபெருக்கியில் கமாண்டர்: "நல்லா இருக்கறீங்களே. கன்னத்துல சதை போட்டிருக்குதே. எங்களுக்கு வராத சாப்பாடு உங்களுக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"இதுதான் அந்தச் சாப்பாடு! இதைத்தான் ரெண்டு வாரமா குடிக்கேன்!"

"இந்த நாத்தத்தைக் குடிச்சா சதை போடும்?"

பின்னால் நின்ற ஒருவர் என்னமோ கத்தினார். புரியவில்லை. எல்லோரும் கலைந்து போனார்கள்.

14:40
ருகையா மட்டும் வந்தாள். மருந்து கொடுக்கும் சின்னத் திறப்பு ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் வழியாக ஒரு பாட்டிலைத் தள்ளினேன். சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு தள்ளினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன்."

"இப்பவும் படுதியா?"

"ஆமா. ஆனா குடிக்கிறேன். இன்னும் பத்து நாள் இப்படியே போனா நான் இருக்க மாட்டேன்னு எனக்கே கணக்குத் தெரியும்."

15:05
காற்றை உறிஞ்சும் பம்பு ஓடத் தொடங்கியது. கமாண்டர் பத்து நிமிடம் தருகிறார். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போய்விட வேண்டுமாம். கேன்களை இங்கேயே விட்டுப் போகிறேன்.

நாள் 161. 11:20
ருகையா. கைக்கருவியில் பேசுகிறாள், குரல் விட்டு விட்டு வருகிறது.

"மூணு கிலோ ஏறிட்டேன் அக்கா. நுழைவு அறைக்குப் போய் உங்க கேன்கள்ல இருந்து அப்பப்ப ஊத்திக்கிட்டு வந்தேன். மெக்கானிக் எபனேசருக்கும் கொடுத்தேன், அவரும் எந்திரிச்சு நடந்தார். அதுதான் தப்பாப் போச்சு. நடந்ததைப் பாத்துட்டாங்க. திருட்டுச் சாப்பாடு தின்னீங்கன்னு எங்க ரெண்டு பேரையும் மருத்துவ அறையில போட்டுப் பூட்டிட்டாங்க. அறையைத் தேடினாங்க. மிச்சமிருந்த கேனையெல்லாம் வெளியே கொட்டிட்டாங்க."

"வேற சாப்பாடு கெடச்சுதா அவங்களுக்கு?"

"இல்லாததைத் தேடினா எப்படிக் கெடைக்கும்? அவசரப் பெட்டி பன்னெண்டும் முத்திரை போட்டபடி இருக்கு அக்கா. அவர் அதைத் தொடவே இல்ல."

முப்பத்தெட்டு நாளாக நான் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோபுரம்?"

"எபனேசர் சொல்றார், நெசமாவே கெட்டுத்தான் போச்சாம். சரிபண்ண ஏறுறதுக்கு யாருக்கும் தெம்பு இல்லையாம்."

நாள் 166. 09:00
முகாமிலிருந்து பதில் இல்லை. ருகையாவின் கைக்கருவியும் பேசவில்லை. வண்டியைத் திரித்த பாலோடு அனுப்பினேன். முகாம் வாசலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு ஏற்றியபடியே திரும்பியது.

ஆலையின் வெளிக்கதவுக்கு உள்ளிருந்து குறுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம் என்று சொன்னார் அல்லவா. இங்கே இருக்கும் கனமான பொருள்களை எண்ணினேன். ஒரு குறடு, இரண்டு காற்று உருளை.

பசித்தவனுக்குச் சந்தேகம் வரும். அது உடம்பின் வேலை, படித்திருக்கிறேன். நான் பசியோடு இல்லை. எனக்கு ஏன் வருகிறது?

நாள் 168. 14:50
தெற்குச் சரிவில் முகாம் வண்டி ஒன்றின் விளக்கு. ஒன்றே ஒன்றுதான். அழைத்தேன். பதில் இல்லை.

இனி எழுத நேரம் கிடைக்குமோ தெரியாது, அதனால் முக்கியமானது முதலில். படிப்பவரே: தொட்டிகளில் இன்னும் நிறையப் பால் இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும். மணமும் நன்றாக இருக்கும். அப்படியே குடிக்காதீர்கள். வடிகட்டி நொதி, கேனுக்கு ஒரு கரண்டி. ஆறு மணி நேரம் வெதுவெதுப்பில். பிறகு கொதிக்கவையுங்கள். பிரிந்து கசந்தால்தான் அது சாப்பாடு.

15:30
வண்டி நின்றுவிட்டது. ஒருவர் இறங்குகிறார். கையில் நீளமான கம்பி. நான்கு அடி நடக்கிறார், நிற்கிறார். மறுபடி நான்கு அடி.

15:38
சென்னியப்பன். கதவுக்கு அந்தப் பக்கம், கவச ரேடியோவில்:

"கதவைத் திறங்க டாக்டர். இன்னைக்குக் காலையில ரெண்டு பேரு சாப்பாட்டு மேசையை விட்டு எந்திரிக்கலைங்க. எழுப்பினேன். எந்திரிக்கலைங்க. டம்ளர் ரெண்டும் சுத்தமா காலி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுப்போட்டுத்தான் செத்திருக்காங்க."

பிறகு: "மருத்துவ அறையைத் திறந்து விட்டுட்டனுங்க. ருகையாதான் என்னை வண்டியில ஏத்தி விட்டுச்சு. ஏழு பேர்ல நான் ஒருத்தன் இங்க. ஆறு பேர் அங்க."

கம்பி எதற்கு என்று கேட்டேன்.

"கதவைத் திறங்க" என்றார் மறுபடியும்.

குறடைக் கையில் எடுத்தேன். பார்த்தேன். கீழே வைத்துவிட்டுக் குறுக்குப் பூட்டை நீக்கினேன்.

15:55
உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். திரித்த பாலை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். முதலில் நீங்கள் என்று சைகை காட்டினார். குடித்தேன். நான் விழுங்குவதைத் தொண்டை வரை பார்த்தார். அப்புறம் அவர் ஒரு மடக்கு. முகம் கோணியது. என்னைப் பார்த்தார். நான் இன்னொரு மடக்கு. அவரும் இன்னொரு மடக்கு. இப்படியே டம்ளர் தீர்ந்தது.

ஒன்பது கேன் தயாராக இருக்கிறது. நொதி உருளையையும் எடுத்துப்போக வேண்டும். அவரால் தூக்க முடியாது, நான்தான் ஏற்ற வேண்டும்.

16:10
ஏற்றிவிட்டேன். கிளம்புகிறோம். பதிவேட்டை மேசை மேல் திறந்தே வைத்துவிட்டுப் போகிறேன்.

கம்பியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. வண்டி வரை நான் முன்னால் நடக்க வேண்டுமாம். அவர் பின்னால் வருவாராம்.